அல்லிப் பள்ளத்தின் நீர்க்கோடு

போன மாதம் கண்காட்சியில் என் படங்களைப் பார்க்க வந்தவர்களில் நம் வகுப்புக்காரர்கள் ஏழு பேர். ஏழு பேரும் மூன்று கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். இது எந்த ஊர்? இந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது? எல்லாப் படத்திலும் பாறையின் குறுக்கே ஒரு வெளிறிய கோடு போகிறதே, அது என்ன? சர்வே வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மட்டும், "இதுக்கும் லெவல் எடுத்துத்தான் வரைஞ்சியாடி?" என்று கேலி செய்தாள். உங்களில் உண்மைக்குக் கிட்டத்தில் வந்தவள் அவள்தான். கையில் ஜூஸ் டம்ளரோடு நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் சிரித்து வைத்தேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். வந்தவர்கள் கருத்து எழுதும் நோட்டில், கிராமத்தில் கழித்த இளமையின் அழகான நினைவுகள் என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படி ஓர் இளமை கிடையாது. நான் வளர்ந்தது சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். பாறை, மண், ஆடு, வானம் எல்லாம் சேர்ந்து எனக்கு வாய்த்தது ஒரே ஒரு கோடையில், மொத்தம் ஐந்து நாள். பதினொரு படமும் அந்த ஐந்து நாளில் இருந்து வந்தவை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த மே மாதம் அது. அம்மா மிஷன் பள்ளி ஆசிரியை; விடைத்தாள் திருத்தப் போயிருந்தாள். அப்பா பிளான் வரைபவர். நிலம் அளந்து, வரைந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு: இவர் போட்ட பிளான் ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வாசலில் நிற்கும்போது யாராவது அதைச் சொல்வார்கள். அப்பா செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார். ஆனால் கேட்டுக்கொண்டுதான் குனிவார்.

என்னைத் தனியாக வீட்டில் விட முடியாது என்பதால், ஒரு பாறையை அளக்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போனார். மேலூர் பஸ் ஸ்டாண்டில் அங்கே கல் குவாரி எடுக்கப்போகிறவரின் ஜீப் நிற்கும். அங்கிருந்து கிழக்கே அரை மணி நேரம். ஜீப்பில் அப்பாவின் கான்வாஸ் பை என் மடியில் இருக்கும். அதில் இருந்தவை: முப்பது மீட்டர் இரும்பு டேப், மரப்பெட்டிக்குள் காம்பஸ், சிவப்பு அட்டை போட்ட அளவுப் புத்தகம், இரண்டு பென்சில், ஒரு பிளேடு, மூன்று எலுமிச்சை, எனக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு. இவற்றில் இன்று மிச்சம் இருப்பது காம்பஸ் மட்டும்.

அந்தப் பாறை பெரிய மலை ஒன்றும் இல்லை. மொட்டையாக, வெயிலில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கிடந்தது. செருப்பைத் தாண்டிச் சூடு ஏறும். அதன் மேல் உச்சியில் இருந்து கீழ்வரை கருப்புக் கருப்பாய்ப் பட்டைகள் இறங்கின, யாரோ தார் ஊற்றி வழியவிட்ட மாதிரி. கீழே அவை எல்லாம் வந்து சேர்ந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம். பள்ளத்தில் களிமண் வெடித்து, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு, அப்பள அடுக்குபோல் இருந்தது. மிதித்தால் உடையும் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. முதல் நாள் முழுக்க மிதித்தேன்.

அங்கே ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். பதினாலு ஆடு. பள்ளத்தின் நடுவே குத்த வைத்து உட்கார்ந்து, அரிவாள் நுனியால் மண்ணைத் தோண்டி எதையோ எடுத்து மடியில் போட்டாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். கருப்பாய், முடி முடியாய், நெல்லிக்காய் அளவில் கிழங்கு. சுள்ளி மூட்டிச் சுட்டு, தோலை உரித்து ஒன்று தந்தாள். மாவாக, கொஞ்சம் கசப்பாக இருந்தது. அல்லிக் கிழங்கு என்றாள்.

"அல்லி தண்ணியிலதான பூக்கும்?"

"ஆமா. இது அல்லிப் பள்ளம்ல. இப்ப தூங்குது."

அப்பாவுக்கு டேப் பிடிக்க வந்த அண்ணன் தூரத்தில் இருந்தே, "பாப்பா, அதத் தின்னா வயித்துக்குள்ள அல்லி மொளைக்கும், பாத்துக்க" என்றார். ஆட்டுக்கார அக்கா தலையைத் தூக்காமல், "ஒன் வயித்துல டேப்பு மொளைச்சிருக்கே, மாப்ள, அதப் பாரு மொதல்ல" என்றாள். அப்பாகூடச் சிரித்தார். அந்த ஐந்து நாளும் வெயிலை மறந்து நாங்கள் நாலு பேரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அதை நினைத்தால்தான் இப்போது ஆத்திரமாக வருகிறது.

இரண்டாம் நாள் அந்தக் கோட்டைப் பார்த்தேன். பள்ளத்தை ஒட்டிய பாறைச் சுவரில், ஒரே மட்டத்தில், அடிஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு கோடு. அதற்குக் கீழே பாறை வெளுத்துச் சுண்ணாம்பு பூத்திருந்தது, மேலே கறுத்திருந்தது. சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். கோடு என் நெஞ்சுக்கு வந்தது. பள்ளத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் அதே மட்டம். தண்ணீர்தான் இவ்வளவு சரியாகக் கோடு போடும் என்று பத்து வயதில் எனக்குத் தோன்றியது. தோன்றியதும் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். என் வாழ்க்கையின் முதல் பட்டியல் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

ஒன்று, பாறையில் கோடு. இரண்டு, மண்ணில் நத்தை ஓடு, நாற்பத்து மூன்று எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. மூன்று, அல்லிக் கிழங்கு. நான்கு, கருப்புப் பட்டை எல்லாம் இங்கேதான் வந்து முடிகிறது. ஐந்து, அக்கா சொன்னது.

இதை எதற்கு எழுதினேன் என்றால், மதியச் சாப்பாட்டின்போது அப்பா விரித்து வைத்திருந்த தாளில் அந்தப் பள்ளத்தைக் காணோம். பாறை இருந்தது. வண்டிப்பாதை இருந்தது. தெற்கே இருந்த கிணறு, ஆறு பனைமரங்கள், எல்லைக் கல் எல்லாம் இருந்தன. பள்ளம் இருந்த இடத்தில் 'தரிசு' என்று எழுதியிருந்தார். அரசாங்கப் பதிவேட்டிலும் அது தரிசுதான். யாரும் வெட்டிய ஊருணி இல்லை, மழைத்தண்ணீர் தானாகத் தேங்குகிற இடம், அதற்கென்று பெயரோ எண்ணோ கிடையாது. குவாரிக்கு அனுமதி கேட்கும் பிளானில் பக்கத்தில் தண்ணீர் நிற்கும் இடம் இருந்தால் காட்டவேண்டும். காட்டினால் அனுமதி கிடைப்பது கஷ்டம். இதெல்லாம் நீங்களும் நானும் பின்னால் படித்தது. அன்று எனக்குத் தெரிந்தது, அக்காவின் பள்ளத்தை அப்பா விட்டுவிட்டார் என்பதுதான்.

நோட்டை நீட்டினேன். புளிச்சோற்றுக் கையைத் தொடையில் துடைத்துவிட்டு முழுக்கப் படித்தார். கேலி செய்யவில்லை. அது அவர் குணம். எழுதித் தந்தால் படிப்பார்.

"இன்னைக்கு அங்க தண்ணி இருக்கா?"

"இல்ல."

"அப்ப எப்படிப்பா வரைவேன்? அளக்கப் போன அன்னைக்கு என்ன இருக்கோ அதத்தான் போடணும். இருந்திருக்கும், இருக்கப்போகுதுன்னு நெனச்சதெல்லாம் போட்டா அது பிளான் இல்ல, படம்."

ஆட்டுக்கார அக்கா கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் வாக்குவாதம் செய்யவில்லை. கையைத் தன் இடுப்புக்கு நேராக வைத்துக் காட்டினாள். "ஐப்பசி பொறந்து ரெண்டு மழ விழுகட்டும் சார். இந்தா, இம்புட்டு நிக்கும். பங்குனி வரைக்கும் நம்ம ஆடு, நாலு ஊரு ஆடு, எல்லாம் இதுலதான் குடிக்கும். அப்ப வந்து பாருங்க."

"நின்னா சொல்லி அனுப்பும்மா, வாரேன்" என்றார் அப்பா. டேப் பிடிக்கும் அண்ணன், "தந்தி அடிச்சிரு" என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசி நாள் நான் பள்ளத்தின் ஓரமாக ஒரு நடை நடந்து காலடி எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு அடி. ஏன் எண்ணினேன் என்று தெரியாது. அந்த எண் மறக்கவில்லை.

அடுத்த வாரம் அப்பா டிரேசிங் தாளில் மையிட்டு, சிம்மக்கல்லில் அம்மோனியா பிரிண்ட் கடையில் ஆறு பிரதி போட்டார். அந்தக் கடையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்; நாம் காலேஜுக்கு வருவதற்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. உள்ளே போனதும் கண்ணில் தண்ணீர் கொட்டும். உருளைக்குள் இருந்து தாள் வெதுவெதுப்பாக, ஈரமாக, ஊதாக் கோடுகளோடு வெளியே வரும். வீட்டில் அவற்றைக் கொடியில் தொங்கவிட்டு, காய்ந்ததும் கையால் வண்ணம் தீட்டுவோம். எல்லை சிவப்பு, பாதை காவி, மரம் பச்சை, தண்ணீர் நீலம். அந்த விடுமுறையில் வண்ணம் என் பொறுப்பு. ஐந்து பிரதியை ஒழுங்காக முடித்தேன். கிணற்றுக்கு ஒரு பொட்டு நீலம், அவ்வளவுதான்.

ஆறாவதில் அல்லிப் பள்ளம் முழுக்க நீலம் தீட்டினேன். கோடு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு அடியும் நடந்தவள். வெளியே ஒரு துளி கசியவிடாமல் தீட்டினேன்.

அப்பா அடிக்கவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்க. எவன் கேட்டான் இத?" என்றார். அம்மோனியா பிரிண்டில் பிளேடால் சுரண்டினால் தாளே கிழிந்துவிடும். அதனால் அதைக் கழித்துவிட்டு வேறொரு பிரதி போட்டுவந்தார், அதற்கு அவரே வண்ணம் தீட்டினார். கழித்த தாளை அம்மா எடுத்து வைத்தாள். பள்ளி திறந்ததும் என் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டாள், நீலம் உள்பக்கம் போகும்படி. வருஷம் முடிந்ததும் நோட்டோடு சேர்ந்து பழைய பேப்பர்காரரிடம் போயிற்று. அந்தப் பள்ளத்தைத் தண்ணீரோடு காட்டிய ஒரே பிளான் உலகத்தில் அதுதான். கணக்கு நோட்டின் அட்டையாக ஒரு வருஷம் என் பைக்குள் இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், எங்கள் மாடிப்படியில் ஆட்டுக்கார அக்கா உட்கார்ந்திருக்கிறாள். மேலூரில் இருந்து பஸ் ஏறி, அப்பாவின் பெயரை பிரிண்ட் கடையில் விசாரித்து வந்திருக்கிறாள். தலை நனைந்திருந்தது. மடியில் ஈரத்துணிச் சுருட்டு. அப்பா வந்து கதவைத் திறந்ததும் துணியை அவிழ்த்தாள். அல்லிப் பூ, நீளமான தண்டோடு, ஒரு கட்டு. வேரில் சேறு ஒட்டியிருந்தது.

"நின்னுருச்சு சார். சொல்லி அனுப்பச் சொன்னீங்கள்ல. ஆளு கெடைக்கல, நானே வந்துட்டேன்."

அவள் அந்தச் சிரிப்பை நம்பியிருக்கிறாள். எல்லோரும் சிரித்த பேச்சில் அவள் ஒருத்தி மட்டும் வேலை விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் தரையில் உட்கார்ந்தாள். அம்மா காபி கொடுத்தாள். பிளான் போயிருச்சும்மா, இனி நம்ம கையில இல்ல என்று அப்பா சொன்னார். அவள் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "ஆனா நீங்க வாரேன்னு சொன்னீங்க" என்று மட்டும் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டாள். நான் பூவை வாளித் தண்ணீரில் போட்டேன். வெளிச்சம் போகப் போக ஒவ்வொன்றாக விரிந்தன.

ஃபைல் இன்னும் அலுவலகத்தில்தான் இருந்தது, உத்தரவு ஆகவில்லை. அம்மா அதைச் சொன்னாள். ஒரு தாள் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள்.

"திருத்தம்னு ஒன்னு குடுத்தா, மொதல்ல குடுத்தது தப்புன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. இத்தன வருஷத்துல ஒன்னு திரும்பி வந்திருக்கா?"

அப்பா காசு வாங்கிக்கொண்டு மறைத்திருந்தால் நான் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் வாங்கவில்லை. அவர் பயந்தது திரும்பி வரும் ஒரு தாளுக்கு.

மறுநாள் காலையில் கப்பலூரில் ஒரு கம்பெனி இடத்தை அளக்கவேண்டும் என்று குடையோடு கிளம்பிப் போனார். சாயங்காலம் வந்தபோது சட்டையும் பேண்டும் நெஞ்சுவரை நனைந்து சேறாக இருந்தன. அம்மா வாசலிலேயே நிறுத்திக் கழற்றச் சொன்னாள். கப்பலூரில் மழை என்றார். அந்தச் சேற்றை அலசிய வாளியில் சின்னச் சின்னதாகப் பச்சை இலை மிதந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு நீங்களே பார்த்ததுதான். மூன்றாம் வருஷம் சர்வே கேம்புக்கு மேலூர் தாண்டிப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் நீங்கள் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தீர்கள். வலதுபக்கம் ஒரு பாறை பாதி அறுபட்டு, படிக்கட்டு படிக்கட்டாய் நின்றது. அதன் காலடியில் கழிவுக் கல்லைக் கொட்டிக் கொட்டி ஒரு மேடு. அந்த மேட்டுக்கு அடியில்தான் இருநூற்றுப் பன்னிரண்டு அடி. டீக்கடையில் நான் மட்டும் இறங்கி விசாரித்தேன். அந்தம்மா ஆட்ட எல்லாம் வித்துட்டு மக வீட்டுக்குத் திருப்பூர் போயிருச்சு, இங்க ஆட்டுக்குத் தண்ணி ஏது என்றார் கடைக்காரர். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, தலைவலியா என்று ஒருத்தி தைலம் கொடுத்தாள். வாங்கித் தேய்த்துக்கொண்டேன்.

வேலைக்குப் போன இரண்டாம் வருஷம் வரைய ஆரம்பித்தேன். வாரம் ஆறு நாள் கப்பலூரில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பதை இருக்கிறபடி வரைகிறேன். ஞாயிற்றுக்கிழமை இது. முதலில் பார்த்ததைத்தான் வரைந்தேன்: வெடித்த மண், கருப்புப் பட்டை, சுள்ளிப் புகை. நன்றாகவே வந்தது. ஆனால் அது அப்பாவின் பிளான்தான், வண்ணத்தில்.

அதனால் கோட்டில் இருந்து ஆரம்பித்தேன். கோடு என் நெஞ்சு உயரம். ஐந்தாம் வகுப்பு உயரம் மருத்துவ அட்டையில் இருந்தது. அதைப் பாறையில் நிறுத்தி, அந்த மட்டத்துக்குத் தண்ணீரை நிரப்பினால் எதுவரை போகும், எந்தக் கல் மூழ்கும், எது தலைகாட்டும் என்று கணக்குப் போட்டேன். பூவின் தண்டு நீளம் எனக்குத் தெரியும், வாளியில் போட்டவள் நான். ஆழத்துக்கு அது சாட்சி. நிழல் விழும் பக்கம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று, தண்ணீரின் நிறம். நினைவுகள் என்று நோட்டில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பள்ளத்தில் தண்ணீரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால்தான் பதினொரு படத்தில் பதினொரு நிறம். ஒன்றில் தேயிலைச் சாறு மாதிரி, ஒன்றில் பாசி, ஒன்றில் ஈயம், ஒன்றில் செம்மண் கரைந்தது. நீலம் மட்டும் தொடவில்லை. அதை ஒரு முறை தீட்டியாகிவிட்டது.

இத்தனை வருஷமும் அப்பாவுக்காக ஒரு சாக்கு வைத்திருந்தேன். அவர் மே மாதத்தில்தான் பார்த்தார், தண்ணீரைப் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் வரைந்திருப்பார் என்று. அந்தச் சாக்கு இருந்ததால்தான் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட முடிந்தது.

கண்காட்சியின் கடைசி நாள், நீங்கள் எல்லோரும் போன பிறகு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பதினொரு படத்தையும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கிப் பார்த்தார். எட்டாவது படத்தின் முன்னால் நின்று, கையை நீட்டி, கட்டைவிரலைக் கோட்டின் மேல் வைத்து ஒரு கண்ணை மூடினார்.

"தண்ணிய ஒரு அடி கொறைச்சுப் போட்டிருக்கம்மா."

"கோடு என் நெஞ்சுக்கு வந்துச்சுப்பா."

"கோடு சரி. அந்த வருஷம் மழ ஜாஸ்தி. கோட்டத் தாண்டி ஒரு அடி நின்னுச்சு. வடக்க அந்த உருண்டக் கல்லு முழுசா முங்கியிருந்துச்சு."

எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் படத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பொம்பள பூவோட வந்துச்சுல்ல, மறுநாள். வாரேன்னு சொல்லியிருந்தேன்ல. எறங்கி அளந்தே பாத்துட்டேன்."

வாளியில் மிதந்த பச்சை இலைகள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. பார்த்த பிறகும் ஏன் ஒரு தாள் சேர்த்துக் கொடுக்கவில்லை என்று கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது, அதன் பதில் எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டேன். எனக்குத் தெரிந்தவர்களில் இனி அவர் ஒருவரால்தான் அதைச் சொல்ல முடியும்.

"தண்ணி என்ன கலருப்பா இருந்துச்சு?"

கையை இறக்கினார். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்; இல்லாததைச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

"கலரா? அத நான் பாக்கலையேம்மா. லெவல் மட்டுந்தான் பாத்தேன்."

எட்டாவது படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீரை ஒரு அடி ஏற்றிவிட்டேன். உருண்டைக் கல் முங்கிவிட்டது, கோடும் உள்ளே போய்விட்டது. அவர் அளவில் பிழை இருக்காது.